ரைன் ஆற்றங்கரையில் ஒரு கோடைப் படிப்பு

மேற்கே குருடிமலை எழுந்து நிற்க, தோட்டங்களும் தொழிற்சாலைகளும் விரவிக் கிடக்கும் ஊர் பெரியநாயக்கன்பாளையம். கோவையினின்று மேட்டுப்பாளையம் செல்வோர் அவ்வூரைக் கடந்தே செல்லுதல் வேண்டும். இராமகிருஷ்ண வித்தியாலயம் அங்கு அமைந்திருத்தலால் கல்வியுலகிலும், நூற்பாலைகட்கு வேண்டிய இயந்திரங்கள் அங்குச் செய்யப்பெறுதலால் தொழிலுலகிலும் அதன் பெயர் அறியப்பட்டதாகும். அவ்வூரில் பல்லாண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான்.

என்பால் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பின்னர்ச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தாள். சில ஆண்டுகட்கு முன் ஒரு கோடையில், பிரான்சு நாட்டின் கீழெல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சென்று, சில வாரங்கள் பயின்று மீண்டாள். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுபட்ட வரலாறும், மனித உரிமைச் சட்டமும் அவள் பயின்ற பொருள்கள். புறப்படுமுன் விடைபெற வந்தவளை நோக்கி, "ஏன் அம்மணி, மூன்று நான்கு வாரத்தில் என்ன படித்துவிட முடியும்?" என்று கேட்டேன். "வந்து சொல்லுகிறேன் ஐயா" என்று கூறிச் சென்றாள். சொன்னபடியே வந்து சொன்னாள். அவள் கூறியவற்றையும், அவள் கூற்றால் தூண்டப்பெற்று யான் தேடிப் படித்தவற்றையும் மாணவர்களாகிய உங்கட்கு இங்கே எழுதுகின்றேன்.

அவள் தந்தை வார்ப்பாலைத் தொழிலாளர். பவுண்டரி என்றே நம் ஊரார் அதனை வழங்குவர். நீர் இறைக்கும் பம்புகளின் உறுப்புகளும் இயந்திர உறுப்புகளும் அங்கே வார்க்கப்பெறும். உயர்ந்த உலையில் கல்கரியையும் வார்ப்பிரும்புக் கட்டிகளையும் மாறி மாறி இட்டுக் காற்றூதுவர். இரும்பு உருகிச் செங்குழம்பாய் ஒழுகும். அதனை மணல் அச்சுகளில் வார்ப்பர். கரி இல்லையேல் இரும்பு உருகாது. இரும்பு இல்லையேல் கரியால் பயனில்லை. இவ்விரண்டும் சேர்ந்தால் பம்பும் ஆகும், பீரங்கியும் ஆகும்.

ஐரோப்பாவின் கதை முழுவதும் இவ்வுலையில் அடங்கிக் கிடக்கின்றது என்று அம்மாணவி கூறியபோது யான் வியந்தேன். எண்ணிப் பார்க்குங்கால் அஃது உண்மையே. பிரான்சு நாட்டின் லொரேன் பகுதியில் இரும்புக் கனிமம் மிகுதி. ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் உலைக்கு ஏற்ற கரி மிகுதி. அண்டை நாடுகள் இரண்டும் ஒன்றன் பொருளை மற்றொன்று வேண்டி நின்றன. விலை கொடுத்து வாங்குவதினும் நிலத்தோடு கவர்ந்துகொள்வதே எளிதென எண்ணியவர் பலர். 1870-ஆம் ஆண்டிற்கும் 1945-ஆம் ஆண்டிற்கும் இடையே அவ்விரு நாடுகளும் மும்முறை போரிட்டன. பின்னைய இரண்டும் உலகப் போர்களாய் மூண்டு, கோடிக்கணக்கான மக்களை மாய்த்தன. இப்போர்கட்குக் காரணம் கரியும் இரும்பும் மட்டுமே என்று கூறின் அது மிகையாகும். ஆயினும் அவை இல்லாமல் அப்போர்களை நடத்தியிருக்க ஒண்ணாது.

ஸ்ட்ராஸ்பூர்க் இவ்விரு நாடுகளின் எல்லையில், ரைன் ஆற்றின் கரையில் உள்ளது. 1871-இல் அந்நகரம் ஜெர்மனி வசமாயிற்று; முதல் உலகப் போரின் முடிவில், 1918-இல், மீண்டும் பிரான்சு வசமாயிற்று; 1940-இல் ஜெர்மனி அதனைக் கவர்ந்தது; 1944-இல் பிரான்சு அதனை மீட்டது. 1871-க்கு முன் அங்குப் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒரு மூதாட்டி, தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். அந்நகரின் குடியரசுச் சதுக்கத்தில் 1936-இல் நிறுவப்பெற்ற போர் நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. தாய் ஒருத்தி, இறக்கும் தறுவாயிலுள்ள மைந்தர் இருவரைத் தாங்கி நிற்கின்றாள். ஒருவன் பிரான்சுக்காகப் போரிட்டவன். மற்றவன் ஜெர்மனிக்காகப் போரிட்டவன். இருவர்க்கும் போருடை இல்லை; யார் எவன் என்று அறிய இயலாது. கீழே பொறித்த சொற்களிலும் 'நம் இறந்தோர்க்கு' என்ற பொருள் உள்ளதேயன்றி எந்நாட்டின் பெயரும் இல்லை. முதல் நாள் அச்சிலையின் முன் நின்றபோதே தான் கடல் கடந்து வந்ததன் பயனை அறிந்ததாக அம்மாணவி கூறினாள். நூலில் அதனைப் படித்திருந்தால் ஒரு வரியாகக் கடந்து சென்றிருப்பாள்.

இனிக் கரிக்கும் இரும்பிற்கும் வருவோம். 1950-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், பிரான்சின் வெளிநாட்டு அமைச்சராயிருந்த ராபர்ட் சூமன் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதற்கு அடிகோலியவர் ழான் மொனே என்பார். பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் கரி, எஃகு ஆக்கம் முழுவதையும் இருவர்க்கும் பொதுவான ஓர் ஆட்சிக்குழுவின்கீழ் வைத்தல் வேண்டும். விரும்பும் பிற நாடுகளும் சேரலாம் என்பதே அதன் சாரம். சூமனும் எல்லைப்புறத்தார், ஜெர்மன் குடிமகனாய்ப் பிறந்து, முதற்போருக்குப் பின் பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். அண்ணன் தம்பியர் பாகப் பிரிவினையில், பொதுக்கிணற்றை மட்டும் பிரிக்காமல் முறைவைத்து நீர் இறைக்கும் வழக்கம் நம் கொங்கு நாட்டில் உண்டு. கிணறு பொதுவாயிருக்கும்வரை பேச்சு முற்றும் அறுந்து போவதில்லை. சூமன் கண்ட வழியும் அத்தகையதே. உலை பொதுவானால், ஒருவன் அறியாமல் மற்றவன் பீரங்கி வார்த்தல் இயலாது.

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் பாரிசு நகரில் இவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. பின்னர் நிகழ்ந்தவற்றை விரிப்பிற் பெருகும். 1957-இல் ரோமாபுரியில் பொதுச்சந்தை உடன்படிக்கை. 1992-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயரமைந்த உடன்படிக்கை. 2002-இல் மக்கள் கைகளில் யூரோ நாணயம். ஆறு என்பது இருபத்தெட்டு வரை வளர்ந்து, 2020-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில் பிரிட்டன் விலகியமையால் இருபத்தேழாயிற்று. பிரிட்டன் வாக்கெடுத்து விலகியது. எவரும் அதனைப் படை கொண்டு தடுக்கவில்லை. ஒற்றுமையைப் பயில்வோர் இவ்விலகலையும் சேர்த்தே பயில வேண்டும் என்பது என் கருத்து.

ஐரோப்பிய நாடாளுமன்றம் திங்கட்கு ஒருமுறை சில நாள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடும். 1979-ஆம் ஆண்டு முதல் மக்களே அதன் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தமிழ் ஆசிரியனாகிய எனக்கு அம்மன்றத்தைப் பற்றி இனித்த செய்தி ஒன்றே: அங்கு இருபத்து நான்கு மொழிகள் ஆட்சிமொழிகள். ஐந்து இலட்சத்திற்குச் சற்று மிகுந்த மக்களே வாழும் மால்ட்டா என்னும் தீவின் மொழியும் அவற்றுள் ஒன்று. உறுப்பினர் தத்தம் மொழியிற் பேச, மொழிபெயர்ப்பாளர் உடனுக்குடன் பிற மொழிகளிற் பெயர்த்துக் கூறுவர். இதற்குப் பெருஞ்செலவு ஆகின்றது என்று குறை கூறுவோரும் உளர். சண்டைக்கு ஆகும் செலவை அவர்கள் கணக்கிட்டிலர் போலும்!

அந்நாடாளுமன்றத்திற்கும் தமிழர்க்கும் உறவு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954-இல் இந்தியாவோடு இணைந்தது. 1962-இல் அவ்விணைப்புச் சட்டப்படி முற்றுப்பெற்றது. அக்காலை அங்குள்ள மக்களுட் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டனர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழ்ந்து, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கின்றனர். பிரெஞ்சுக் குடியுரிமை உடையார் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடியுரிமையும் உடையர் ஆவர். எனவே வீட்டில் தமிழ் பேசும் ஐரோப்பியக் குடிமக்கள் நம் கடற்கரையிலேயே உளர்.

இதுகாறும் கூறியது ஒன்றியத்தின் கதை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் மற்றோர் அமைப்பும் உண்டு. ஐரோப்பிய மன்றம் என்பது அதன் பெயர். பெயர் ஒப்புமையால் கற்றோரும் இரண்டையும் மயங்கிக் கூறுவர். ஆதலின் இதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். ஐரோப்பிய மன்றம் 1949-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தோன்றியது. அஃதாவது, கரி எஃகு உடன்படிக்கைக்கும் முந்தியது. அதன் உறுப்பு நாடுகள் இன்று 46. பிரிட்டன் ஒன்றியத்தினின்று விலகியதேயன்றி இதனினின்று விலகவில்லை. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் என்றும் சேர்ந்ததில்லை. ஆயினும் இதில் உறுப்பினர். சுவிட்சர்லாந்து உங்கட்கு அயலான பெயர் அன்று. பெரியநாயக்கன்பாளையத்தில் 1962-இல் தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்பு இயந்திரத் தொழில் நுட்பத்தை அந்நாட்டு ரீட்டர் நிறுவனத்திடமிருந்தே பெற்றது. ரஷ்யாவோ உக்ரேன்மீது படையெடுத்தமையால் 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்மன்றத்தினின்று நீக்கப்பெற்றது.

மனித உரிமைக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றை இம்மன்றத்து நாடுகள் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரோமாபுரியில் செய்துகொண்டன. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலக மனித உரிமைப் பறைசாற்றமே அதற்கு முன்மாதிரி. அப்பறைசாற்றத்தின் முதற்பிரிவில் ஆண்பாலை மட்டும் சுட்டுமாறு ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது. அது தகாது என்று கூறி, மாந்தர் அனைவரையும் சுட்டும் சொல்லாக அதனை மாற்றுவித்தவர் நம் நாட்டு அம்சா மேத்தா அம்மையார். 'மக்கள்' என்னும் நம் சொல்லுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. இருபாலாரும் அதனுள் அடங்குவர். சொல் அளவில் நாம் உயர்ந்தோம். செயல் அளவில் எவ்வாறு என்பதை அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

பறைசாற்றத்திற்கும் ஐரோப்பிய உடன்படிக்கைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. முன்னது நெறி கூறிற்று. பின்னது நெறி தவறிய அரசை நிறுத்திக் கேட்க வழக்கு மன்றமும் வகுத்தது. 1959-இல் அம்மன்றம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அமைந்தது. தொடக்கத்தில் தனி மனிதரின் முறையீடுகள் ஓர் ஆணைக்குழுவின் வழியாகவே மன்றத்தை அடைந்தன. 1998-ஆம் ஆண்டு நவம்பர் முதல் எவரும் நேரே முறையிடலாம் என்றாயிற்று. முதலில் தம் நாட்டு நீதிமன்றங்களில் இறுதிவரை வழக்காடித் தோற்றிருத்தல் வேண்டும். இறுதித் தீர்ப்பிற்குப் பின் நான்கு மாதத்திற்குள் விண்ணப்பத்தை எழுதி அஞ்சலில் இடுதல் வேண்டும். கட்டணம் இல்லை. முறையிடுவோர் அந்நாட்டுக் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்பதும் இல்லை. அந்நாட்டின் ஆட்சி எல்லைக்குள் இருந்தாற் போதும். ஏதிலியாய் வந்து இறங்கியவனும் முறையிடலாம்.

திருவாரூரில் சோழன் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நீங்கள் அறிவீர்கள். கன்றை இழந்த பசு அம்மணியை அசைக்க, மன்னன் தன் மகனுக்கே தண்டம் விதித்தான் என்பது கதை. சிறு வயதில் இதனைக் கேட்ட யாவரும் மன்னன் நேர்மையையே போற்றுவர். யான் அம்மணியையே போற்றுவேன். நேர்மையில்லா மன்னன் ஒருவன் பின்னர் வரின் மணியின் நாவைக் கட்டிவிடல் கூடும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் மணி ஒரு மன்னன் வாயிலில் இல்லை. 46 நாடுகட்கும் பொதுவான இடத்தில் தொங்குகின்றது.

அம்மணியைத் தமிழர் அசைத்ததுண்டு. 1987-ஆம் ஆண்டில் இலங்கையினின்று தப்பிச் சென்ற தமிழ் இளைஞர் ஐவர் பிரிட்டனில் புகலிடம் வேண்டினர். அரசு மறுத்தது, நீதிமன்றங்களில் அவர்கள் வழக்கு நிலைபெறவில்லை. 1988-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் திருப்பி அனுப்பப்பெற்றனர். சென்ற இடத்தில் அவருட் சிலர் துன்புறுத்தப்பட்டனர். பின்னர்ப் பிரிட்டனிலேயே மேல்முறையீட்டில் வென்று மீண்டும் அந்நாட்டை அடைந்தனர். எனினும் தம்மைத் திருப்பி அனுப்பியது உரிமை மீறல் என்ற அவர்தம் வழக்கு, ஸ்ட்ராஸ்பூர்க்கில் தோற்றது. 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், ஒருவர் மாறுபட எண்மர் ஒன்றுபட்டு, மீறல் இல்லை என்று தீர்ப்புரைத்தனர். அங்குள்ள தமிழர் அனைவர்க்கும் பொதுவான இடருக்கு மேலாக இவர்கட்கெனத் தனி இடர் உண்டென்று காட்டப்படவில்லை என்பதே காரணம்.

மாலை வேளைகளில் மாணவர்கள் தமக்குள் கட்சி பிரிந்து பழைய வழக்குகளை வாதாடிப் பழகினராம். ஒருநாள் இவ்வழக்கே வந்தது. சீட்டெடுத்ததில் நம் மாணவிக்கு வாய்த்தது அரசின் பக்கம். "தமிழச்சியாகிய நான் அந்த ஐவரையும் அனுப்பியது சரியென்று எப்படிப் பேசுவேன் என்று தூக்கமே வரவில்லை ஐயா" என்றாள். ஆயினும் பேசினாள், அன்று வென்றும் விட்டாள். வென்றபின் தன் அறைக்குச் சென்று அழுததாகக் கூறினாள். எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு அறிந்தமையால்தான், அடுத்த வழக்கின் அருமை தனக்குப் புலனாயிற்று என்றும் சொன்னாள்.

அவ்வடுத்த வழக்கு 2008-ஆம் ஆண்டு சூலை 17-ஆம் நாள் தீர்க்கப்பெற்றது. அதுவும் பிரிட்டனுக்கு எதிராக இலங்கைத் தமிழர் ஒருவர் தொடுத்ததே. அவர் பெயரை மன்றம் வெளியிடாமற் காத்தது; இரண்டு எழுத்துகளாலேயே அவர் குறிக்கப்பெறுகின்றார். இலங்கையில் படையினர் அவரை ஆறுமுறை பிடித்துச் சென்றிருந்தனர். தடியடியின் தழும்புகள் கால்களில் இருந்தன. இறுதி முறை அவரை விடுவித்தற்கு அவர் தந்தை ஒரு தாளில் கையொப்பமிட்டிருந்தார். தமிழர் என்ற காரணத்தால் மட்டும் எல்லார்க்கும் இடர் உண்டென்று கூற முடியாது என்ற பழைய நெறியை மன்றம் கைவிடவில்லை. ஆனால் இம்மனிதரின் தழும்பு, பதிவு, கையொப்பம் ஆகியவற்றைத் தனித்தனியே தள்ளாமல் ஒருசேர வைத்து நோக்கியது. கொழும்பு விமான நிலையத்திலேயே இவர் அடையாளம் காணப்படக்கூடும். அனுப்பினால் அது மீறலாகும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாய்க் கூறினர். இதே போன்று முறையிட்டிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரை, விசாரணை முடியுமுன் அனுப்பலாகாது என்றும் அம்மன்றம் முன்பே இடைக்காலத்தில் தடுத்திருந்தது.

இரண்டு வழக்குகட்கும் சட்ட வாசகம் ஒன்றே. இடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். இவை நமக்குத் தொலைவிலுள்ள செய்திகளும் அல்ல. நம் கோவை மாவட்டத்துப் பூலுவபட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 2021 முதல் இத்தகைய முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் என்று வழங்கப்பெறுகின்றன. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அவர்களைக் காப்பது அரசின் அருளே. கேட்டுப் பெறும் உரிமையாக அஃது எழுதப்படவில்லை. அருள் பெரிதுதான், ஆனால் உரிமை வேறு.

இப்படிப்பை அளிக்கும் நிலையத்தையும் கூற வேண்டும். பறைசாற்றத்தை வரைந்தோருள் ஒருவரான ரெனே கசேன் என்ற பிரெஞ்சு அறிஞர், 1968-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க்கில் மனித உரிமை நிறுவனம் ஒன்றை அமைத்தார். ஆண்டுதோறும் கோடையில் பல நாட்டு மாணவர் அங்குக் கூடிச் சில வாரங்கள் பயில்வர். முதல் உலகப் போரிற் கொடிய புண்பட்டு, வாழ்நாள் முழுதும் அதன் வலியோடு வாழ்ந்தவர் அவர்.

மாணவி திரும்பி வந்த அன்று, அவள் தந்தை பணி முடிந்து கைகளில் கரியோடு வந்து நின்று கேட்ட கேள்வியை அவளே எனக்குச் சொன்னாள். "நாம எழுதிப் போட்டா அந்தக் கோர்ட்டுல கேப்பாங்களா கண்ணு?" என்றாராம். கேளார். இந்தியா அவ்வுடன்படிக்கையில் இல்லை. ஐரோப்பாவிற்கும் அமெரிக்கக் கண்டத்திற்கும் ஆப்பிரிக்காவிற்கும் மனித உரிமை வழக்கு மன்றங்கள் உள. ஆசியாவிற்கு அத்தகைய பொதுமன்றம் இல்லை. நமக்குரியது நம் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் எவரும் நேரே உச்ச நீதிமன்றத்தை அடையலாம் என்பது அது. அதனை அரசியலமைப்பின் உயிராகவே அம்பேத்கர் கருதினார். உயர் நீதிமன்றத்தை அடைதற்கு 226-ஆம் பிரிவு உண்டு. இவற்றைத் தந்தைக்கு விளக்க ஓர் இரவு ஆயிற்றாம்.

இப்பொழுது அவள் அந்த 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தமிழில் பெயர்த்து வருகின்றாள். ஞாயிறுதோறும் ஏட்டோடு வருவாள். உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு ஒரே வாக்கியம். அதில் மூவகைக் கொடுமைகள் விலக்கப்பட்டுள்ளன. முதலாவதற்குச் சித்திரவதை என்பது பொருந்தும். இரண்டாவது, மனிதத் தன்மைக்கு ஒவ்வாத நடத்துகை. மூன்றாவதுதான் இடர். ஒருவனை அடியாமலும் தொடாமலும், அவன் தன் கண்ணுக்கே சிறியவனாகத் தோன்றுமாறு செய்தல் அது. 'இழிவுறுத்தல்' என்றேன் யான். 'இழிவு என்று சொன்னாலே, பட்டவர்மேல் இழிவு ஒட்டிக்கொள்கிறதே ஐயா' என்றாள் அவள். 'மானங்கெடுத்தல்' என்றேன், மானம் அவ்வளவு எளிதில் கெடுவதோ என்று கேட்டாள். விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினோம். அவ்விடத்தை வெற்றாக விட்டு, ஏட்டை மூடி எடுத்துச் சென்றிருக்கின்றாள்.